அறை பதினேழு, குடும்பப் பெயர் சின்னையா

1

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து மூன்று வயதில், ஆஸ்திரேலியாவில் ஒரு மலையடிவார ஏரி விடுதியின் வரவேற்பு மேசை முன்னால் நின்றுகொண்டு, என் மனைவி என் மனைவிதான் என்று நிரூபிப்பதற்காகக் கல்யாணப் படத்தைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எங்களுடைய இருபத்தைந்தாவது திருமண நாள். அறைக்காக இந்தப் பாடு படவில்லை. அறை முதல் நாள் மாலையே கிடைத்துவிட்டது. வைஃபைக்காக.

அந்தப் படத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. நானாகத்தான் நீட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஹெலன் என்ற பெண்மணி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, "மணப்பெண் மிக அழகு" என்றார். மாப்பிள்ளையைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருடமாக இங்கே ஒரு பேருந்துப் பணிமனையில் அட்டவணை போடுகிற வேலை எனக்கு. எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தத் தெருமுனையில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவன். ஊரையே நேரத்துக்கு வீடு சேர்க்கிற ஆளுக்கு, விரல் நீளக் குச்சி ஒன்றை இணையத்தில் சேர்க்க ஒரு மாலையும் ஒரு காலையும் ஆனது. எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். மாடு பார்க்க.

2

விடுதி எங்கள் மகள் யாழினியின் பரிசு. இருபது வயது, கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு காப்பிக் கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு இரவுக்கு அறை போட்டுவிட்டு எங்களிடம் சொன்னாள்: "அங்க போன் சிக்னலே கிடையாது அப்பா. நீங்களும் அம்மாவும் பேசிக்கலாம்." இருபத்தைந்து வருடத்தில் பேசாமல் விட்டது எதுவும் மிச்சமிருக்கிறதா என்று நானும் என் மனைவி செல்வியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வெளியூர் போகும்போது என் பெட்டியில் முதலில் ஏறுவது ஒரு காலுறை. அதற்குள் அந்தக் கறுப்புக் குச்சி இருக்கும். தொலைக்காட்சியின் முதுகில் செருகினால், இணையத்தில் ஓடுகிற எதையும் பெரிய திரையில் காட்டும். செல்வி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பிரஷர் மாத்திரைய மறந்துட்டு இத எடுத்துட்டு வந்துருக்கீங்க. நெஞ்சு அடைச்சா இதத்தான் செருகணும்" என்றாள்.

குச்சி இல்லாமல் நான் வந்திருக்க முடியாது. காரணம், என் தம்பி முருகேசனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் ஊர் மணமேல்குடிக்குப் பக்கம். புதுக்கோட்டைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் திருவிழா என்றால் அந்தப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் உண்டு. தார்ச்சாலையில், விடிந்தும் விடியாமலும், இரட்டை மாடு பூட்டிய வண்டிகள் கொடியைத் தாண்டிப் பறக்கும். மாட்டின் வளர்த்தியைப் பொறுத்துப் பெரிய மாடு, நடுமாடு என்று பிரிவுகள் இருக்கின்றன. வெளியாளுக்குப் புரியாத ஒரு வழக்கமும் உண்டு. வண்டியில் பூட்டுகிற இரண்டு மாடும் ஒரே வீட்டு மாடாக இருக்க வேண்டியதில்லை. ஒருவரிடம் நல்ல மாடு ஒன்று இருக்கும், சோடி இருக்காது. முப்பது நாற்பது மைல் தள்ளி இன்னொருவரிடம் ஒன்று இருக்கும். இரண்டு பேரும் பேசிச் சேர்ந்து ஒரே வண்டியில் பூட்டுவார்கள். மைக்கில் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்.

எங்கள் அப்பா சின்னையா அப்படி வண்டி கட்டியவர். அவர் போய் மூன்று வருடமாகிறது. அவருக்குப் பிறகு இந்த வருடம்தான் தம்பி மறுபடி வண்டி கட்டுகிறான். இரண்டு வாரம் முன்னால் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்கு நடுமாடு. அப்பா பேர்ல பதிஞ்சுருக்கேன். நம்ம மாட்டுக்குச் சோடியா திருமயம் கருப்பையாண்ணன் மாடு வருது. யூடியூப்ல நேரலை விடுறாய்ங்க. பாப்பியா?"

"பாக்குறேன்டா."

"பாக்குறேன்னுதான் சொல்லுவ. அப்பறம் சுத்துது, நிக்கிது, கட்டாயிருச்சும்ப."

அப்படிச் சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது.

3

மூன்று வருடம் முன்னால் ஒரு காலையில் அப்பா போய்விட்டதாகத் தகவல் வந்தது. அவசரமாக ஒரு முகவரிடம் விமானச் சீட்டுப் போட்டேன். அவர் கேட்டார்: "உங்கள் பெயர்?" ராஜேந்திரன். "குடும்பப் பெயர்?" அந்த நேரத்தில் வாயில் வந்தது அப்பா பெயர்தான். சின்னையா என்றேன். சீட்டு ராஜேந்திரன் சின்னையா என்று வந்தது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. எங்கள் காலத்தில் பலருக்கும் அப்படித்தான். பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து. அவ்வளவுதான் நம் வம்சாவளி. விமான நிலையத்தில் செக்-இன் செய்த பெண் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த சின்னையா யார்?"

"என் அப்பா."

"அவரும் பயணம் செய்கிறாரா?"

போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. சீட்டைத் திருத்தி வாங்குவதற்குள் அந்த விமானம் கிளம்பிவிட்டது. அடுத்தது பதினோரு மணி நேரம் கழித்து.

அன்று விமான நிலையத்தின் தரையில், மின்சாரம் செருகுகிற துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையில் அப்பாவின் கடைசி ஊர்வலத்தைப் பார்த்தேன். தம்பியின் நண்பன் ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். விமான நிலையத்தின் இலவச வைஃபை முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை நம்மை வெளியே தள்ளிவிடும். மறுபடி பெயர், மின்னஞ்சல், 'விதிமுறைகளை ஏற்கிறேன்' என்ற கட்டம். நான் ஏற்றுக்கொண்டேன். நான் ஏற்றுக்கொண்டு திரும்பி வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்திருந்தான். ஆட்கள் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பி வந்த வாரமே ஓர் அலுவலகத்திலிருந்து பெயர் திருத்தப் படிவம் வாங்கினேன். நான்கு பக்கம். அது இன்னும் சமையலறை இழுப்பறையில், ரப்பர் பேண்டுகளுக்கும் காலியான பேட்டரிகளுக்கும் நடுவில் கிடக்கிறது. அதே வாரம் குச்சியையும் வாங்கினேன். குச்சி பெட்டியில் ஏறியது, படிவம் இழுப்பறையில் தங்கியது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

4

சனிக்கிழமை மாலை அறைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் செல்வியின் கைப்பேசியில் வாழ்த்துகள் விழ ஆரம்பித்தன. அவளும் யாழினியும் வைஃபைக்குள் போய்விட்டார்கள். என்னால் போக முடியவில்லை.

விடுதி வைஃபை எப்படி என்றால், திரையில் ஒரு பக்கம் வரும். அறை எண், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். சரியாக நிரப்பினால் உள்ளே விடும். நான் பதினேழு, சின்னையா என்று போட்டேன். அப்படி யாரும் இல்லை என்றது. மறுபடி போட்டேன். மூன்றாவது முறையும் போட்டேன். இயந்திரம் மனம் மாறும் என்று நம்புகிற தலைமுறை நான். ஒரு மணி நேரத்துக்கு என்னைப் பூட்டிவிட்டது.

யாழினி எட்டிப் பார்த்தாள். "அப்பா, ராஜேந்திரன்னு போடணும். ரூம் என் பேர்ல இருக்கு."

"அது என் பேரு."

"ஆமா. அதான் எங்க சர்நேம்."

இதில்தான் எங்கள் வீட்டுக் குழப்பம் முழுவதும் இருக்கிறது. யாழினியின் குடும்பப் பெயர் ராஜேந்திரன். செல்வியின் குடும்பப் பெயர் ராஜேந்திரன். எங்கள் குடும்பத்தில் ராஜேந்திரன் என்ற குடும்பப் பெயர் இல்லாத ஒரே ஆள் ராஜேந்திரன். வங்கிக்கு நான் திரு. சின்னையா. ஓட்டுநர் உரிமத்தில் குடும்பப் பெயர் ராஜேந்திரன், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு. பல் மருத்துவமனையில் திரு. கோடு என்றே ஒருமுறை கூப்பிட்டார்கள். எழுந்து போனேன், பல்வலி. எங்கள் தபால்பெட்டியைப் பார்ப்பவருக்கு உள்ளே ஆறு பேர் குடியிருப்பதாகத் தோன்றும்.

"சரி, நாளைக்கு என் போன்லயே பாக்கலாமே அப்பா. எதுக்கு டிவி?"

"போன்ல வேணாம்."

"ஏன்?"

"சின்னதா இருக்கும்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். உள்ளங்கை அளவில் அப்பாவை ஒருமுறை பார்த்தாயிற்று, இன்னொரு முறை முடியாது என்பதை எந்த மொழியில் அவளிடம் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என் தமிழ் பாதி புரியும். என் ஆங்கிலம் முழுக்கப் புரியும், அதனால்தான் திருத்துவாள்.

எப்படியும் குச்சியை ராஜேந்திரன் என்று சொல்லி உள்ளே விடவும் வழியில்லை. குச்சிக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவே தெரியாது. அதன் அடியில் பன்னிரண்டு எண்ணும் எழுத்துமாகப் பொடிசாக அச்சிட்டிருக்கும். அதை விடுதிக்காரர்கள் தங்கள் கணினியில் அறைக்கு நேரே ஏற்ற வேண்டும். அறையில் பதிவான விருந்தினர் நேரில் வந்து கேட்க வேண்டும் என்று மேசை மேல் கிடந்த அட்டையில் போட்டிருந்தது.

5

ஞாயிறு காலை. அங்கே ஏழு என்றால் எங்களுக்குப் பதினொன்றரை. பத்தேகாலுக்குக் குச்சியைக் காலுறையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாழினி படகு ஓட்ட ஏரிக்குப் போயிருந்தாள்.

"அவ வரட்டும், அவளே போயி ஒரு நிமிசத்துல சொல்லிட்டு வந்துருவா" என்றாள் செல்வி.

"எங்கப்பன் வண்டியப் பாக்க நான் எதுக்கு எம்மக பேரச் சொல்லணும்?"

"வெளங்கிரும்" என்று அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். தனியாக விட்டால் நான் மேசைக்காரரோடு சண்டை போட்டுவிடுவேன் என்பது அவளுடைய இருபத்தைந்து வருட ஆராய்ச்சி முடிவு.

ஹெலன் கனிவாகத்தான் இருந்தார். அறை பதினேழில் பதிவானவர் யாழினி ராஜேந்திரன், கூட இரண்டு பேர். "நீங்கள் திரு. ராஜேந்திரனா?"

அந்த இடத்தில் 'ஆம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து இருபதுக்கு அறைக்குத் திரும்பியிருப்பேன். "இல்லை" என்றேன்.

"அப்படியென்றால்?"

"ராஜேந்திரன் என் பெயர். குடும்பப் பெயர் அல்ல. இவர் திருமதி ராஜேந்திரன். நான் சின்னையா."

அவர் என்னையும் செல்வியையும் பார்த்தார். ஒரு பெண், அவளுடைய கணவர் ராஜேந்திரன், கூடவே சின்னையா என்று யாரோ ஓர் ஆள். அவர் முகத்தில் எந்தக் கண்டனமும் இல்லை. அதுதான் என்னைக் கல்யாணப் படத்தைத் தேட வைத்தது.

படம் பார்த்து முடித்ததும் ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அம்மணி. முன்பு பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலை நாங்களே வெட்டிப் போட்டோம். யாரும் வற்புறுத்தி அல்ல, வெட்கப்பட்டு. அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது ஒருவரின் பெயரும், அவர் அப்பாவின் பெயரும்தான். அப்பா பெயர் மகன் தோளில் ஒரு தலைமுறை ஏறி வரும். அடுத்த தலைமுறையில் இறங்கிக்கொள்ளும். என் மகள் தோளில் நான் இருக்கிறேன். அவள் பிள்ளையின் தோளில் அவள் இருப்பாள். யாரும் யாரையும் காலத்துக்கும் சுமக்க வேண்டியதில்லை. உங்கள் கணினியில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக நான் புதிதாக ஒரு வால் வளர்க்க முடியாது.

படிவம் இழுப்பறையில் கிடப்பதற்குக் காரணம் இதுதான். செல்விக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். ஆனால் முதன்முறையாக அதை முழுதாகக் கேட்டவர் ஹெலன். பின்னால் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஒரு தம்பதி காத்திருந்தார்கள், அவர்களும் கேட்டார்கள்.

"புரிகிறது" என்றார் ஹெலன். "நான் என்ன செய்ய வேண்டும்?"

இங்கே என் ஆங்கிலம் காலை வாரியது. என்னையும் விருந்தினராகச் சேருங்கள், அப்பா பெயரில், என்று சொல்ல நினைத்தேன். "என் அப்பாவை அறையில் சேருங்கள்" என்று வந்துவிட்டது.

"தாராளமாக. அவருக்குத் தனிக் கட்டில் வேண்டுமா?"

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இன்றுவரை அதை நான் விசாரிக்கவில்லை.

"கட்டில் வேண்டாம்" என்றேன். "அவர் இறந்து மூன்று வருடமாகிறது. இன்றைக்கு அவர் பெயரில் எங்கள் ஊரில் ஒரு பந்தயம் ஓடுகிறது. அதைப் பார்க்கத்தான்." காலுறையிலிருந்து குச்சியை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஹெலன் விசைப்பலகையை இழுத்து, "பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள்" என்றார்.

6

பன்னிரண்டு எழுத்தையும் ஏற்றியதும் கணினி சிவப்பாக ஒன்று காட்டியது. அறைக்கு மூன்று கருவிகள்தான். செல்வியின் போன், யாழினியின் போன், யாழினியின் மடிக்கணினி. மூன்று இடமும் நிறைந்துவிட்டது. ஒன்றை விலக்கினால்தான் குச்சிக்கு இடம். மணி பதினொன்று பத்து.

செல்வியின் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் அக்கா தங்கைகள், திருமயத்தில் பள்ளித் தோழிகள் என்று எல்லோரும் அன்று அவளை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். யாரோ பழைய படங்களைப் போட, யாரோ பதில் படம் போட, இருபத்தைந்து வருடம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் அதையே பார்த்தாள்.

"எம்போன எடுத்துவிடச் சொல்லுங்க."

"யாழினி லேப்டாப்ப எடுக்கச் சொல்லலாம்."

"பிள்ளைக்குப் பரீட்சை வேலை அதுலதான் இருக்கு. எம்போனயே எடுங்க. எனக்கு நீங்க ஒண்ணும் வாங்கித் தரலல்ல இன்னைக்கு? நான் ஒங்களுக்குக் குடுத்ததா இருக்கட்டும்."

அப்படித்தான் அவள் குத்துவாள். பதில் சொல்ல நேரமில்லாத நேரம் பார்த்து.

அறைக்கு ஓடினோம். ஐம்பத்து மூன்று வயதில் ஓடுவதை ஓட்டம் என்று அழைப்பது ஒரு மரியாதைக்குத்தான். கதவைத் திறந்தால் தொலைக்காட்சி தானாக விழித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் அதில் ஏரியின் படமும் விடுதியின் மசாஜ் விளம்பரமும்தான் இருந்தன. இப்போது நடுவில் பெரிய எழுத்தில், நான் தமிழில் சொல்வதென்றால்:

'அறை பதினேழுக்கு நல்வரவு, திரு. சின்னையா. தங்கள் ஓய்வு இனிதாகட்டும்.'

அப்பா வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் லாட்ஜில் அறை எடுத்தார். திருச்சிப் பக்கம் ஒரு சந்தைக்குப் போன இடத்தில், மழைக்காக. மாட்டைக் கீழே கட்டிப்போட்டு மேலே படுக்க மனம் ஒப்பாமல், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுப் பக்கத்திலேயே சாக்கைப் போர்த்திப் படுத்துக்கொண்டார். அவரை ஒரு தொலைக்காட்சி பெயர் சொல்லி வரவேற்கிறது. செல்வி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டாள். இந்த நாட்டு விடுதியில் அதுவரை அவள் அப்படிச் செய்ததில்லை.

குச்சியைச் செருகினேன். அது தேடியது. வட்டம் சுற்றியது. பிறகு, ஒரு கேள்வியும் கேட்காமல், உள்ளே போய்விட்டது.

7

முதலில் தெரிந்தது தார்ச்சாலை. ஓரத்தில் சீமைக்கருவேல், அதற்கு அப்பால் கடல் இருக்கிறது என்று சொல்கிற அந்த வெளுத்த வானம். படம் எடுக்கிறவன் யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்திருந்தான், உலகம் குலுங்கியது. பதினோரு வண்டிகள் வரிசை பிடித்து நின்றன. மைக்குக்காரர் தொண்டையைச் செருமாமல் பேசிக்கொண்டிருந்தார்.

யாழினி ஈரக் காலோடு உள்ளே வந்தாள். "தொடங்கிட்டாங்களா?"

"ஒக்காரு. ஈரக் காலு மெத்தையில படாம ஒக்காரு" என்றாள் செல்வி.

கொடி விழுந்தது. நடுமாடுகள் ஓடுவதை நான் கடைசியாகப் பார்த்தது எத்தனை வருடம் முன்பு என்று எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன். வண்டிகளோடு நாற்பது ஐம்பது பைக்குகளும் ஓடின. அதில் ஒன்றின் பின்னால் தலையில் துண்டு கட்டியபடி ஒருவன் கையை வீசிக் கத்திக்கொண்டே வந்தான். முருகேசன். துண்டுக்குக் கீழே முடி முழுக்க நரைத்திருந்தது. போனில் பேசும்போது அவன் அதைச் சொன்னதில்லை.

"அந்தா நம்ம வண்டி!" என்றேன். சாரதியின் சட்டை மஞ்சள் என்று தம்பி சொல்லியிருந்தான். இரண்டும் வெள்ளை மாடுகள். நெற்றியில் எலுமிச்சை மாலையோடு எங்கள் மாட்டின் படத்தைத் தம்பி அனுப்பியிருந்தான்தான். மாலை இல்லாமல் எனக்கு எல்லா வெள்ளை மாடும் ஒன்றுதான் என்பதை அங்கே வைத்து ஒப்புக்கொள்ள மனமில்லை.

ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருந்தது. இடத்த மாடு, அதாவது இடப்பக்கம் பூட்டியது, கழுத்தை நீட்டி, தரையில் குளம்பு படுவது தெரியாமல் போனது. அப்பா வாங்கிவிட்ட கடைசிக் கன்று அது, அப்படித்தான் ஓடும். வலத்த மாடு சரியில்லை. தலையைத் தலையைத் திருப்பி ஓரத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தது.

"எடத்த மாடு எங்க ஊரு மாடாத்தான் இருக்கும்" என்றாள் செல்வி. அவள் திருமயத்துக்காரி. "ஓட்டத்துலயே தெரியுதுல்ல."

"பேசாம இரு. ஒங்க ஊரு மாடுதான் அந்தா வேடிக்க பாத்துக்கிட்டு வருது."

யாழினி திரைக்குக் கிட்டே போனாள். "அப்பா, வலது பக்கம் இருக்கிறவங்க உங்கள மாதிரியே இருக்காங்க. ஓட மாட்டேங்கிறாங்க, எல்லாத்தையும் நின்னு பாக்கிறாங்க." மாட்டுக்கு அவள் கொடுத்த மரியாதையை யாரும் திருத்தவில்லை.

வண்டிகள் திரும்புகிற இடத்தில் படம் நின்றது. வட்டம் சுற்றியது.

நான் எழுந்து நின்றேன். குச்சியைப் பிடுங்கிச் செருகலாமா, வேண்டாமா? அது வட்டமாகவே சுற்றியது, அந்தத் தரையில், அந்த மின்துளைக்குப் பக்கத்தில் சுற்றியதைப் போலவே. 'விதிமுறைகளை ஏற்கிறேன்' என்று ஏதாவது வந்தால் இந்தத் தடவை ஏற்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, ஒன்றும் கேட்காமல் தன் போனை எடுத்து வைஃபையை அணைத்தாள். மடிக்கணினியையும் மூடினாள். "இப்ப வரும் அப்பா."

படம் வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது.

"...மூணாவதா வருது, மூணாவதா வருது! மணமேல்குடி சின்னையா நினைவாக முருகேசன், திருமயம் கருப்பையா! சின்னையா வண்டி வருதுப்பா! பைக்குத் தம்பி, ஒதுங்கு, இங்கிட்டு வராத, அங்கிட்டு ஒதுங்கு! சின்னையா வண்டிக்கு வழி விடு!"

உள்ளங்கையில் அல்ல. சுவர் அளவுக்கு. படமும் வந்துவிட்டது; மஞ்சள் சட்டை எழுந்து நின்று கயிற்றை விட்டுக்கொடுத்தது, வண்டி கோட்டைத் தாண்டியது, கூட்டம் மேலே விழுந்தது. அந்தப் பெயரை ஒரு மேசையில் எழுத்து எழுத்தாகச் சொல்லிக் களைத்துப்போயிருந்தேன். அங்கே ஒருவர் அடையாள அட்டை கேட்காமல் அதைத் தெருவுக்கே கத்திச் சொல்கிறார். தெரு வழி விடுகிறது.

"மூணாவதுன்னா பரிசு உண்டா?" என்றாள் யாழினி.

"உண்டு" என்றேன். குரல் சரியாக வரவில்லை. பிரஷர் மாத்திரை போடாததால் இருக்கும்.

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த அலுவலகமாவது படித்தால் படிக்கட்டும். இழுப்பறையில் கிடக்கிற படிவத்தை நான் நிரப்பப்போவதில்லை. கட்டம் காலியாகவே இருக்கட்டும். என்னை ஒரு கோடு என்று கூப்பிட்டாலும் எழுந்து வருகிறேன். வரிசையில் நிற்கிறேன், எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன், கல்யாணப் படம் காட்டுகிறேன். என் அப்பா ஒரு ஆள். அவர் ஒரு குலமாக மாற வேண்டியதில்லை.

8

மத்தியானம் முருகேசன் கூப்பிட்டான். செல்வியின் போனை மறுபடி இணைத்திருந்தோம். வாழ்த்துகளுக்கு நடுவில் அவன் குரல் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"பாத்தியாண்ணே?"

"பாத்தேன்டா. முழுசாப் பாத்தேன். பெரிய டிவியில."

"கட்டாகலயே?"

"ஒரு எடத்துல நின்னுச்சு. திரும்பி வந்துருச்சு."

யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இருங்கப்பா, அண்ணன்ட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்ல, என்றான். பிறகு, "மைக்ல அப்பா பேரச் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடா. தெளிவாக் கேட்டுச்சு."

"ம்."

அந்த 'ம்' போதும் எனக்கு; மூன்று வருடமாக அதற்குத்தான் காத்திருந்தேன். அங்கேயே போனை வைத்திருந்தால் இந்தக் குறிப்பு நல்லபடியாக முடிந்திருக்கும். நெஞ்சு நிறைந்துபோய்ப் பெரிய மனுஷத்தனமாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"மூணாவது வந்ததுக்கு நம்ம மாட்டக் கொற சொல்ல முடியாதுடா. என்னா ஓட்டம்! அந்த வலத்த மாடுதான், கருப்பையாண்ணன் மாடு, கூட்டத்த வேடிக்க பாத்துக்கிட்டுத் தொங்கிக்கிட்டே வந்துருச்சு. அடுத்த தடவ நம்ம மாட்டுக்கு வேற நல்ல சோடியாப் பாரு."

"நல்லாத்தாண்ணே பாத்துருக்க" என்றான் தம்பி. "அந்தத் தொங்குனதுதான் நம்ம மாடு."